தேங்காய்ப்பூப் பெட்டியும் அனுமதிப் பத்திரமும்: மனநிலையை மாற்றும் மருந்துகளின் உலக வர்த்தகக் கட்டுப்பாடு

மெல்பேர்ணில் மளிகைக் கடை வைத்திருக்கும் ஒருவரின் கணக்குகளை நான் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். ஒருநாள் அவர் தொலைபேசியில் கேட்டார்: "அண்ணை, சென்னையிலை இருந்து தெரிஞ்ச ஒருத்தர் தன்ரை சாமானையும் எங்கடை கொன்ரெயினரிலை போட்டுவிடச் சொல்லுறார். தேங்காய்ப்பூவும் சத்துமாவும்தான். பில் எங்கடை பேரிலை வரும், இடத்துக்குக் காசும் தருவாராம். செய்யலாமோ?"

வரி விடயம் என்றால் உடனே பதில் சொல்லியிருப்பேன். இது வரி விடயம் அல்ல என்று அவருக்குச் சொன்னேன். ஏன் அல்ல என்பதை விளக்கத் தொடங்கியதுதான் இந்தக் கட்டுரை. கடைக்காரருக்கு மட்டுமல்ல, ஊரிலிருந்து அம்மாவின் நித்திரைக் குளிசையோடு வருபவருக்கும், இங்கிருந்து ஊருக்கு மருந்துப் பொதி அனுப்புபவருக்கும் இந்தச் சட்டங்கள் பொருந்தும்.

டில்லியில் பிடிபட்ட மா

2024 பெப்ரவரியில் இந்தியாவின் போதைப்பொருள் கட்டுப்பாட்டுப் பணியகமும் டில்லிப் பொலிசாரும் மேற்கு டில்லியில் ஒரு களஞ்சியத்தைச் சோதனையிட்டார்கள். சத்துமாக் கலவை என்ற பெயரில் அனுப்பத் தயாராக இருந்த சரக்கில் 50 கிலோ சூடோஎபெட்ரின் இருந்ததாக அறிவித்தார்கள். நியூசிலாந்துச் சுங்கப் பிரிவும் அவுஸ்திரேலிய அதிகாரிகளும் கொடுத்த தகவலில்தான் விசாரணை தொடங்கியது. உலர்ந்த தேங்காய்த் துருவலுக்குள் மறைத்து அந்தப் பொருள் இரு நாடுகளுக்கும் அனுப்பப்படுகிறது என்பதே அந்தத் தகவல். மூன்று ஆண்டுகளில் 45 தடவைகளில் சுமார் 3,500 கிலோ அனுப்பப்பட்டதாகப் பணியகம் கூறியது. மார்ச் மாதம் கைதானவர்களில் ஒருவர் தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளர் என்பதால் செய்தி தமிழ்நாட்டு அரசியலுக்குள் போய்விட்டது. குற்றச்சாட்டு வேறு, தீர்ப்பு வேறு. அதைச் சொல்ல வேண்டியது நீதிமன்றம்.

எமக்கு முக்கியமானது வேறொன்று. தேங்காய்த் துருவலும் சத்துமாவும் எமது கடைகளுக்கு வாராவாரம் வரும் பொருட்கள். அவற்றை இறக்குபவர்கள் பெரும்பாலும் சிறு வியாபாரிகள். சரக்கின் பத்திரத்தில் இறக்குமதியாளராக யாருடைய பெயர் இருக்கிறதோ, அவரிடமே முதற் கேள்வி வரும்.

மூன்று சமவாயங்கள்

இப்பொருட்களின் உலக வர்த்தகத்தை மூன்று ஐ.நா. சமவாயங்கள் கட்டுப்படுத்துகின்றன.

முதலாவது 1961 ஆம் ஆண்டின் தனிச் சமவாயம். அபின், மோர்பின், ஹெரோயின், கொக்கெயின், கஞ்சா ஆகியவை இதற்குள் வருகின்றன.

இரண்டாவது, 1971 பெப்ரவரி 21 அன்று வியன்னாவில் கையெழுத்தாகி 1976 ஓகஸ்டில் நடைமுறைக்கு வந்த சமவாயம். இது மனநிலையை மாற்றும் பொருட்களுக்கானது. சட்டத்தில் இவற்றைச் சைக்கோட்ரோபிக் பொருட்கள் என்கிறார்கள். 1960களில் தொழிற்சாலைகளில் தயாரான அம்பெற்றமைன், பார்பிச்சுரேற் வகைகளும் எல்.எஸ்.டி.யும் உலகெங்கும் பரவின. பழைய சமவாயம் இவற்றைத் தொடவில்லை. அந்த ஓட்டையை அடைக்கவே இது வந்தது. இந்தியா 1975 இலும், அவுஸ்திரேலியா 1982 இலும், இலங்கை 1993 இலும் இதில் இணைந்தன.

மூன்றாவது 1988 ஆம் ஆண்டின் சமவாயம். போதைப்பொருளைத் தயாரிக்கப் பயன்படும் மூலப் பொருட்களை இது கண்காணிக்கிறது. சூடோஎபெட்ரின் இந்தப் பட்டியலில் இருக்கிறது. தடிமனுக்கான குளிசையில் இருக்கும் அதே பொருள்தான். அதிலிருந்து ஐஸ் எனப்படும் மெத்தம்பெற்றமைன் தயாரிக்கலாம். ஒரே பொருள் மருந்தாகவும் மூலப் பொருளாகவும் இருப்பதால் அதை முழுதாகத் தடைசெய்யவும் முடியாது, கட்டுப்பாடில்லாமல் விடவும் முடியாது.

இச் சமவாயங்கள் ஒழுங்காக நடக்கின்றனவா என்று பார்ப்பது வியன்னாவில் உள்ள சர்வதேசப் போதைப்பொருள் கட்டுப்பாட்டுச் சபை. 13 உறுப்பினர்கள் கொண்ட இச்சபை 1968 இல் பணியைத் தொடங்கியது.

நான்கு பட்டியல்கள்

1971 சமவாயம் மருந்துகளை நான்கு பட்டியல்களாகப் பிரிக்கிறது. ஆபத்து எவ்வளவு, மருத்துவப் பயன் எவ்வளவு என்பதுதான் அளவுகோல்.

முதற் பட்டியலில் எல்.எஸ்.டி., எம்.டி.எம்.ஏ., சிலோசைபின் போன்றவை உள்ளன. அறிவியல் ஆய்வுக்கும் மிகக் குறுகிய மருத்துவத் தேவைக்கும் மட்டுமே இவற்றுக்கு இடம். அவுஸ்திரேலியாவில் 2023 யூலை 1 முதல், அதிகாரம் பெற்ற மனநல வைத்தியர்கள் எம்.டி.எம்.ஏ.யையும் சிலோசைபினையும் சில நோய்களுக்கு எழுதிக் கொடுக்கலாம். பேரதிர்ச்சியின் பின் வரும் மனக்காயம் அவற்றுள் ஒன்று. ஆனால் யாரும் அதை வெளிநாட்டிலிருந்து பையில் கொண்டுவரலாம் என்று அதற்குப் பொருளில்லை.

இரண்டாம் பட்டியலில் அம்பெற்றமைன், மெத்தம்பெற்றமைன், கவனக்குறைபாடுள்ள பிள்ளைகளுக்குக் கொடுக்கும் மெதைல்பெனிடேற் ஆகியவை இருக்கின்றன. மூன்றாவதில் புப்ரெனோர்பின், புளுனிற்றசெபாம் போன்றவை. நான்காவதில் எமது வீடுகளில் அதிகம் புழங்கும் பெயர்கள் வருகின்றன: டயசெபாம், குளோனசெபாம், அல்பிரசோலாம், வலிப்புக்குக் கொடுக்கும் பினோபார்பிற்றல், நித்திரைக்கான சொல்பிடெம். டயசெபாம் குடும்பத்து மருந்துகள் பல 1984 இல்தான் இப்பட்டியலில் சேர்ந்தன.

இது குறைந்தபட்ச வேலி மட்டுமே. எந்த நாடும் இதைவிட உயரமாக வேலி கட்டலாம் என்று சமவாயமே சொல்கிறது. ரமடோல் என்ற நோமருந்து எந்த ஐ.நா. பட்டியலிலும் இல்லை. ஆனால் இந்தியா 2018 ஏப்ரலில் அதைத் தன் சட்டத்தின் கீழ்க் கொண்டுவந்தது. எகிப்தில் அது கடும் கட்டுப்பாட்டில் உள்ளது. 2017 ஒக்ரோபரில் 290 ரமடோல் குளிசைகளுடன் எகிப்துக்குப் போன ஒரு பிரித்தானியப் பெண் விமான நிலையத்தில் கைதாகி, மூன்று ஆண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். முதுகுவலி உள்ள துணைவருக்காகக் கொண்டு போனதாக அவர் சொன்னார். ஒரு நாட்டில் வைத்தியர் தரும் சாதாரணக் குளிசை, அடுத்த நாட்டின் வாசலில் குற்றப் பொருளாகலாம்.

இரட்டைப் பதிவு

கணக்குப் படித்தவர்களுக்கு இந்தக் கட்டுப்பாட்டின் உயிர்நாடி எளிதாகப் புரியும். அது இரட்டைப் பதிவு முறைதான்.

1925 இல் ஜெனீவாவில் செய்துகொண்ட அபின் சமவாயத்தில் இம்முறை உலக அளவில் எழுதப்பட்டது. வாங்கும் நாடு முதலில் இறக்குமதி அனுமதி கொடுக்கும். அதைப் பார்த்த பிறகுதான் விற்கும் நாடு ஏற்றுமதி அனுமதி கொடுக்கும். 1971 சமவாயம் முதலிரு பட்டியல்களுக்கும் இதையே கட்டாயமாக்கியது. ஒவ்வொரு சரக்குக்கும் தனி அனுமதி வேண்டும். அனுமதியின் பிரதி சரக்கோடு போகும். சரக்கு வந்து சேர்ந்ததும், உண்மையில் எவ்வளவு வந்தது என்று எழுதி இறக்குமதி செய்த நாடு அதை ஏற்றுமதி செய்த நாட்டுக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். மூன்றாம் பட்டியலுக்கு ஏற்றுமதி அறிவித்தல் போதும். அதை 90 நாட்களுக்குள் வாங்கிய நாட்டுக்கு அனுப்ப வேண்டும்.

பின்பு இரண்டு நாடுகளும் தத்தமது புள்ளிகளை வியன்னாவுக்கு அனுப்புகின்றன. ஒருவர் 100 கிலோ அனுப்பினேன் என்று சொல்லி, மற்றவர் 60 கிலோதான் வந்தது என்று சொன்னால் வித்தியாசம் வெளியே தெரிந்துவிடும். வங்கிக் கூற்றையும் காசேட்டையும் மாத முடிவில் ஒப்பிடுவது போலத்தான். ஒவ்வொரு நாடும் தனது மருத்துவத் தேவை இவ்வளவு என்று முன்கூட்டியே மதிப்பிட்டுத் தருவதால், மருந்துத் தேவைக்கு மிஞ்சிய கட்டளைகளும் கண்ணில் படும்.

சமவாயத்தின் 12 ஆவது உறுப்புரையில் ஒரு சிறு விதி இருக்கிறது. அனுமதியில் பெயருள்ளவரைத் தவிர வேறொருவரின் கணக்கில் வங்கிக்கோ, தபால் பெட்டி இலக்கத்துக்கோ சரக்கு அனுப்பக் கூடாது. யாருடைய பெயரில் பொருள் வருகிறதோ அவரே அதற்குப் பொறுப்பான ஆளாக இருக்க வேண்டும் என்பதே இதன் நோக்கம். கடைக்காரர் கேட்ட கேள்விக்கான பதிலின் பாதி இதில் இருக்கிறது.

மூலப் பொருட்களுக்கு வேறு வழி. ஏற்றுமதி செய்யுமுன் வாங்கும் நாட்டுக்கு முன்னறிவித்தல் கொடுக்க வேண்டும். 2006 முதல் இது கணினி வழியாக நடக்கிறது. இந்தியாவில் சூடோஎபெட்ரினை ஏற்றுமதி செய்ய குவாலியரில் உள்ள போதைப்பொருள் ஆணையாளரின் ஆட்சேபனையில்லாச் சான்று தேவை. முறையாகப் போகும் சரக்கு இந்த வலைக்குள் அகப்படும். அதனால்தான் கடத்துபவர்கள் பொருளின் பெயரையே மாற்றி, தேங்காய்த் துருவல் என்று எழுதுகிறார்கள். பதிவேட்டில் ஏறாத பொருளை இரட்டைப் பதிவால் பிடிக்க முடியாது. அங்கே நாயும் கதிர்ப்படக் கருவியும் உளவுத் தகவலும்தான் வேலை செய்ய வேண்டும்.

அவுஸ்திரேலியாவின் வாசல்

இங்கே மூன்று அமைப்புகளை அறிந்திருக்க வேண்டும். சுகாதாரத் திணைக்களத்தில் உள்ள போதைப்பொருள் கட்டுப்பாட்டு அலுவலகம் உரிமமும் அனுமதியும் கொடுக்கிறது. மருந்துப் பொருள் நிர்வாகம் மருந்துகளை அங்கீகரிக்கிறது. 2015 யூலையில் உருவான அவுஸ்திரேலிய எல்லைப் படை வாசலில் சோதிக்கிறது. சட்ட அடிப்படை 1956 ஆம் ஆண்டின் சுங்கத் தடைசெய்யப்பட்ட இறக்குமதி ஒழுங்குவிதிகள். அவற்றின் நான்காம் அட்டவணையில் இப்பொருட்கள் பட்டியலிடப்பட்டுள்ளன. வியாபாரமாக இறக்குபவருக்கு உரிமம் ஒன்று வேண்டும். அதன்மேல் ஒவ்வொரு சரக்குக்கும் அனுமதி ஒன்று வேண்டும்.

பயணிகளுக்கு ஒரு சலுகை உண்டு. சமவாயமே பயணிகள் சொந்தப் பாவனைக்குச் சிறிதளவு கொண்டு செல்வதை அனுமதிக்கிறது, முதற் பட்டியல் பொருட்களைத் தவிர. அவுஸ்திரேலிய நடைமுறை இதுதான்:

– மருந்து உங்களுக்கோ, உங்களோடு பயணித்து உங்கள் பராமரிப்பில் இருப்பவருக்கோ உரியதாக இருக்க வேண்டும்.
– மூன்று மாதத் தேவைக்கு மேல் கொண்டுவரக் கூடாது.
– வைத்தியரின் மருந்துச்சீட்டு அல்லது கடிதம் ஆங்கிலத்தில் கையில் இருக்க வேண்டும்.
– மருந்து அதன் மூலப் பொதியிலேயே இருக்கட்டும். பல குளிசைகளை ஒரு போத்தலில் கொட்டிக் கொண்டுவருவது சிக்கலுக்கு வழி.
– வருகை அட்டையின் முதற் கேள்வியிலேயே மருந்துகள் பற்றிக் கேட்கிறார்கள். "ஆம்" என்று எழுதுங்கள். எழுதிவிட்டுக் காட்டினால் பெரும்பாலும் சில நிமிடத்தில் முடிந்துவிடும். "இல்லை" என்று எழுதிவிட்டுப் பிடிபட்டால் பொய் அறிவித்தலும் சேர்ந்துவிடும்.

தபால் வேறு கதை. சாதாரண மருந்துகளைச் சொந்தத் தேவைக்குத் தபாலில் பெற ஒரு திட்டம் உண்டு. அதிலும் ஒரு தடவைக்கு மூன்று மாத அளவுதான். மருந்துச்சீட்டு தேவையான மருந்தென்றால் அவுஸ்திரேலியாவில் பதிவுபெற்ற வைத்தியர் எழுதியதாக இருக்க வேண்டும். ஆனால் சுங்க அட்டவணையில் உள்ள கட்டுப்பாட்டு மருந்துகள் அத்திட்டத்துக்குள் வரா. ஊரில் ஐந்து ரூபாய்க்குக் கிடைக்கிறது என்று டயசெபாம் அட்டையைச் சாம்பார்த் தூளோடு பொதி கட்டித் தபாலில் அனுப்பச் சொல்லக் கூடாது.

இங்கிருந்து வெளியே அனுப்பவும் விதி உண்டு. கட்டுப்பாட்டு மருந்துகளை ஏற்றுமதி செய்ய 1958 ஆம் ஆண்டின் ஏற்றுமதி ஒழுங்குவிதிகளின் கீழ் அனுமதி தேவை. அரச மானியத்தில் வாங்கிய எந்த மருந்தையும், அது இரத்த அழுத்தக் குளிசையாக இருந்தாலும், உங்களுக்கோ உங்களோடு பயணிப்பவருக்கோ அல்லாமல் வெளிநாட்டுக்குக் கொண்டுபோவதோ அனுப்புவதோ சட்டவிரோதம். ஊரிலுள்ள பெற்றோருக்கு நல்ல மனதோடு இதைச் செய்பவர்கள் எம்மிடையே பலர்.

வழியில் இறங்கும் நாடுகளையும் கணக்கில் எடுங்கள். சிங்கப்பூருக்குள்ளும் ஐக்கிய அரபு எமிரேற்சுக்குள்ளும் சில மருந்துகளுடன் நுழைய முன்னனுமதி பெற வேண்டும்.

தண்டனையும் "தெரியாது" என்ற பதிலும்

அவுஸ்திரேலியக் குற்றவியல் கோவையின்படி, எல்லைக் கட்டுப்பாட்டுப் போதைப்பொருளை வணிக அளவில் இறக்குவதற்கு உச்சத் தண்டனை ஆயுட்சிறை. மூலப் பொருளை வணிக அளவில் இறக்குவதற்கு 25 ஆண்டுகள். போதைப்பொருள் இறக்குமதியில், உள்ளே என்ன இருந்தது என்று உறுதியாகத் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. அப்படி இருக்கக்கூடிய கணிசமான அபாயத்தை உணர்ந்தும் நியாயமில்லாமல் அதை ஏற்றுக்கொண்டாலே போதும். "காசு தருகிறார், கேள்வி கேட்க வேண்டாம் என்கிறார்" என்பது அபாயத்தை உணர்த்தும் அடையாளம் என்று நீதிமன்றம் கருதலாம்.

எமது சமூகத்தில் இந்தப் பேச்சு எழும்போது மயூரன் சுகுமாரனின் பெயர் வராமல் போகாது. 2005 ஏப்ரலில் பாலியில், ஹெரோயின் கடத்தல் வழக்கில் கைதானவர். சிட்னியில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளை. சிறையில் ஓவியராக மாறிய பிறகு, 2015 ஏப்ரல் 29 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். மரண தண்டனையை நான் ஏற்பவன் அல்ல. எல்லைக்கு அப்பால் எமது விருப்பு வெறுப்பு எடுபடாது என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். இலங்கையிலும் 1929 ஆம் ஆண்டின் நஞ்சு, அபின், அபாயகர ஒளடதங்கள் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. 2022 ஆம் ஆண்டுத் திருத்தம் மெத்தம்பெற்றமைனையும் கடும் தண்டனைக்குள் கொண்டுவந்தது. இந்தியாவில் 1985 நவம்பரில் நடைமுறைக்கு வந்த போதைப்பொருள் சட்டமே அடிப்படை.

கணக்கின் மறுபக்கம்

கட்டுப்பாடு என்றாலே நல்லது என்று எழுதிவிட்டுப் போக என்னால் முடியாது. 1990களில் வடக்கில் பொருளாதாரத் தடைக்குள் வாழ்ந்தவர்களுக்கு, மருந்துக்கு அனுமதி கேட்டுக் காத்திருப்பது என்னவென்று தெரியும். பற்றரி, சவர்க்காரம் தொடக்கம் மருந்துவரை பட்டியலில் இருந்த காலம் அது. பத்திரம் ஒரு கையில் பாதுகாப்பு, இன்னொரு கையில் ஆயுதம்.

உலகக் கட்டுப்பாட்டு முறைக்கும் இந்தக் குறை உண்டு. பினோபார்பிற்றல் மலிவான வலிப்பு மருந்து. மோர்பின் புற்றுநோய் வலிக்கு அடிப்படை மருந்து. இவை வசதியுள்ள நாடுகளில் தாராளமாகவும் வறிய நாடுகளில் அரிதாகவும் கிடைக்கின்றன. வியன்னாச் சபையே இந்த ஏற்றத்தாழ்வைத் தனது அறிக்கைகளில் ஒப்புக்கொள்கிறது. தவறான கைக்குப் போகக் கூடாது என்று கட்டிய வேலி, சரியான கையையும் தடுத்துவிடுகிறது.

அவசர காலத்துக்கு ஒரு சிறு கதவு இருக்கிறது. பேரிடர் நேரத்தில் வாங்கும் நாட்டின் அனுமதிக்காகக் காத்திராமல், அங்கீகரிக்கப்பட்ட நிவாரண அமைப்புகள் வழியாகக் கட்டுப்பாட்டு மருந்துகளை அனுப்ப 1996 இல் மாதிரி வழிகாட்டி ஒன்று வந்தது. 2022 இல் இலங்கை மருத்துவமனைகளில் மருந்து தட்டுப்பட்டபோது புலம்பெயர் மக்கள் பலர் பொதிகள் அனுப்பினார்கள். அந்த மனதுக்கு மரியாதை. ஆனால் வீட்டு அலுமாரியில் மிஞ்சிய குளிசைகளைப் பொதி கட்டுவது உதவியாகாது. நன்கொடை மருந்து போய்ச் சேரும்போது குறைந்தது ஓராண்டு பாவனைக் காலம் மிச்சமிருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி. அனுப்ப விரும்புபவர்கள் மருத்துவமனையின் தேவைப் பட்டியலை முதலில் கேட்டு, உரிமமுள்ள நிறுவனம் ஊடாக அனுப்புவதே வழி.

கடைக்காரருக்குச் சொன்னது

அவருக்கு நான் சொன்னது நான்கு விடயம். உங்கள் பெயரில் வரும் சரக்கை நீங்களே வாங்கியிருக்க வேண்டும், நீங்களே காசு கட்டியிருக்க வேண்டும். யார் பொதி செய்தார், எங்கே பொதி செய்தார் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். விலைப்பட்டியலும் சுங்கப் பத்திரமும் ஐந்து ஆண்டு உங்கள் அலுமாரியில் இருக்க வேண்டும், அது சட்டம். ஏதாவது சந்தேகம் என்றால் சரக்கு வருமுன்பே சுங்க முகவரிடமும் எல்லைப் படையிடமும் சொல்ல வேண்டும், வந்த பிறகல்ல.

கேட்டவர் தூரத்துச் சொந்தமாம். மறுத்தபோது கோபித்துக்கொண்டாராம். அந்தப் பெட்டிகளில் தேங்காய்ப்பூவைத் தவிர வேறொன்றும் இல்லாமலும் இருந்திருக்கலாம். அது எனக்கும் தெரியாது, கடைக்காரருக்கும் தெரியாது. தெரியாத ஒன்றின் கீழ் கையெழுத்து வைக்கக் கூடாது என்பதுதான் எனது தொழிலின் முதற் பாடம். உறவு ஒரு வருடத்தில் திரும்பி வரும். பத்திரத்தில் போட்ட பெயரைத் திரும்ப எடுக்க முடியாது.